மூளை முடக்குவாதமும் குழந்தையின் நடையும்

கால்களை இழுத்து நடக்கும் குழந்தையைக் கிராமத்தில் கண்டவுடன் அதனை இளம்பிள்ளை வாதம் என்று குறித்துக்கொள்ளும் வழக்கம் நம் களப்பணியாளரிடையே நெடுங்காலம் இருந்து வந்தது. அக்காலத்தில் அதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் இயற்கையாகப் பரவும் இளம்பிள்ளை வாதக் கிருமியால் இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தை தாக்குண்டது 2011-ஆம் ஆண்டு ஜனவரியில், மேற்கு வங்காளத்தில். 2014-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் தேதி, இந்தியா உட்பட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் முழுவதும் அந்நோயினின்று விடுபட்டதென உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இன்று அங்கன்வாடிக்கு இடுப்பில் தூக்கி வரப்படும் நான்கு வயதுக் குழந்தையின் கால்களைத் தொட்டுப் பார்த்தால், பெரும்பாலும் அவை துவண்டு மெலிந்திருப்பதில்லை, விறைத்திருக்கின்றன. முழங்கால்கள் ஒன்றையொன்று உரசுகின்றன. குதிகால் தரையில் படிவதில்லை. நிறுத்தினால் குழந்தை நுனிக்காலில் நின்று, கத்தரிக்கோல்போல் கால்களைப் பின்னிக்கொள்கிறது. கோளாறு காலில் இல்லை, மூளையில் இருக்கிறது.

இதனை மூளை முடக்குவாதம் என்று தமிழில் வழங்குகிறோம். மொழிபெயர்ப்போருக்கு இச்சொல் முழு மனநிறைவு அளிப்பதன்று. முடக்குவாதம் என்ற பெயரால் பெரியோரைப் பீடிக்கும் மூட்டு நோய் ஒன்றையும் வழங்கி வருகிறோம். அதற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மேலும் 'முடக்கு' என்ற பகுதி, குழந்தை இனி அசையாது என்ற எண்ணத்தைப் பெற்றோர் மனத்தில் விதைத்துவிடுகிறது. உண்மையோ வேறு. இந்நிலையுடைய குழந்தைகளுள் மூவரில் இருவர் துணையுடனோ துணையின்றியோ நடக்கின்றனர். சொல் நிலைபெற்றுவிட்டமையால் அதனையே இங்கும் ஆள்கிறோம். பெற்றோரிடம் பேசும்போது பொருளை விளக்கிவிடுதல் நலம்.

கருவிலிருக்கும்போதோ, பிறப்பின்போதோ, பிறந்த சிறிது காலத்துக்குள்ளோ வளரும் மூளைக்கு நேர்ந்த சேதத்தின் விளைவாக அசைவும் உடல்நிலையும் கட்டுப்பாடிழத்தலே இந்நிலையாகும். ஆயிரம் குழந்தைகளுக்கு இருவர் அல்லது மூவர் இதற்கு உட்படுகின்றனர். லண்டன் அறுவை வைத்தியர் வில்லியம் ஜான் லிட்டில் என்பவர் 1843-ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளில் இதனை விவரித்தார். பின்னர் 1861-இல் கடினமான பிரசவமே காரணமென வாதித்தார். 1897-இல் வியன்னாவின் சிக்மண்ட் பிராய்டு, பின்னாளில் உளப் பகுப்பாய்வால் புகழ்பெற்றவர், பிரசவச் சிக்கலே சில வேளை கருவில் முன்னரே நேர்ந்த கேட்டின் அறிகுறியாகலாம் என்றார். குறைமாதப் பிறப்பு, கருவுற்ற தாய்க்கு நேரும் தொற்று, பிறந்த குழந்தைக்கு முற்றிய மஞ்சள் காமாலை எனக் காரணங்கள் பலவென்று இன்று அறிவோம். தாயின் குற்றமென்றோ முன்வினையென்றோ கூறுவோர்க்கு இதில் இடமில்லை.

களப்பணியாளர் நெஞ்சில் இருத்த வேண்டியது ஒன்றுண்டு. மூளையில் நேர்ந்த சேதம் பெருகுவதில்லை. ஆனால் குழந்தை பெருகுகிறது. எலும்பு நீளும்போது இறுகிய தசை அதற்கு ஈடாக நீள்வதில்லை. இரண்டு வயதில் கையால் எளிதில் நிமிர்த்தக் கூடியதாயிருந்த கணுக்கால் எட்டு வயதில் நிமிர்த்த இயலாததாகிவிடுகிறது. 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று காத்திருக்கும் குடும்பம் இவ்வாறுதான் ஏமாற்றமடைகிறது.

காத்திருத்தல் ஏன் கேடு என்பதற்குக் கனடா நாட்டு ஆராய்ச்சி ஒன்று சான்று. அந்நாட்டின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1997-ஆம் ஆண்டு இக்குழந்தைகளை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறை வகுக்கப்பட்டது. முதல் நிலையினர் எங்கும் நடப்பர். ஓடுவதில் மட்டும் சற்றுத் தளர்வு. இரண்டாம் நிலையினர் நடப்பர். ஆனால் மேடுபள்ளத்திலும் படியிலும் நெரிசலிலும் இடர்ப்படுவர். மூன்றாம் நிலையினர்க்குக் கைத்துணைக் கருவி வேண்டும். நான்காம் நிலையினர் பெரும்பாலும் சக்கர நாற்காலியில் செல்வர். ஐந்தாம் நிலையினர்க்குத் தலையை நிமிர்த்தி வைப்பதற்கும் துணை வேண்டும். ஒண்டேரியோ மாகாணத்தில் 657 குழந்தைகளைத் தொடர்ந்து அளந்து 2002-இல் வெளியிட்ட முடிவின்படி, முதல் நிலைக் குழந்தை தான் எய்தக் கூடிய அசைவுத் திறனில் பத்தில் ஒன்பது பங்கை ஏறக்குறைய ஐந்து வயதுக்குள் எய்திவிடுகிறது. ஐந்தாம் நிலைக் குழந்தையோ மூன்று வயதுக்கு முன்னரே தன் எல்லையை அடைகிறது. பள்ளிப் பருவத்துப் பயிற்சி வீணென்பது இதன் பொருளன்று. மூன்று முதல் ஐந்து வரையுள்ள நிலையினர் வளரிளம் பருவத்தில் ஈட்டியதை இழக்கக் கூடுமென்பதும் பின்னர் அறியப்பட்டது. அதைக் காப்பதற்கும் பயிற்சி வேண்டும். ஆனால் அடித்தளம் இடும் காலம் அங்கன்வாடிக் காலமே. ஒன்பது மாதத்தில் துணையின்றி உட்காராத குழந்தை, ஓராண்டு நிறையுமுன் ஒரு கையை மட்டுமே பயன்படுத்தும் குழந்தை, நிறுத்தினால் பாதத்தை ஊன்றாத குழந்தை ஆகியோரை அப்பருவத்திலேயே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

சிகிச்சை என்றதும் நம் மக்கள் மனத்தில் எழும் காட்சி எண்ணெய் தேய்த்தலேயாகும். பாட்டி மடியில் கிடத்தி நீவுகிறாள். அல்லது வாரம் ஒரு நாள் நகரத்துக்குச் சென்று, சிகிச்சையாளர் அரைமணி நேரம் கால்களை நீட்டி மடக்க, தாய் அருகில் அமர்ந்து பார்க்கிறாள். நீவுதல் குழந்தைக்கு இதமளிக்கலாம். தாய்க்கும் பிள்ளைக்கும் உறவை வளர்க்கலாம். நடையை அது கற்பிக்காது. மேனாட்டிலும் இந்நிலையே நெடுநாள் இருந்தது. 1940-களில் லண்டனில் பெர்த்தா போபாத், கார்ல் போபாத் தம்பதியர் வகுத்த முறை உலகெங்கும் பரவிற்று. அதன் பழைய வடிவில், சிகிச்சையாளர் தம் கைகளால் குழந்தையின் உடலை நெறிப்படுத்துவதே முதன்மையாயிருந்தது. அண்மைக் காலத்தில் ஆராய்ச்சிகள் அனைத்தையும் தொகுத்து ஆய்ந்த ஆஸ்திரேலிய நிபுணர்கள் 2013-லும் 2020-லும் கண்டது யாதெனில், பிறர் கையால் செய்விக்கப்படும் அசைவினால் பயன் சிறிது. குழந்தை தானே விரும்பிய ஒரு செயலை, அச்செயல் நிகழும் இடத்திலேயே, முழுமையாக, பலமுறை முயன்று செய்வதால் விளையும் பயனே பெரிது. 2022-இல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டு நெறிகளும் இதனையே வலியுறுத்துகின்றன.

இதற்குக் காரணம் சமநிலை என்னும் திறனின் இயல்பிலேயே உள்ளது. நாம் நிற்கும்போது அசையாது நிற்பதாக எண்ணுகிறோம். உண்மையில் உடல் இடைவிடாது சாய்ந்துகொண்டும் மீண்டுகொண்டும் இருக்கிறது. கண், உட்செவி, பாதத்தினின்றும் மூட்டுகளினின்றும் வரும் உணர்வு ஆகிய மூன்றின் செய்திகளையும் மூளை ஒப்பிட்டு, எத்தசை எப்போது சுருங்க வேண்டுமென ஆணையிடுகிறது. பேருந்து திடீரெனக் கிளம்பும்போது நம்மில் முதலில் விழித்துக்கொள்வது கணுக்கால் தசை, பின்னர்த் தொடை, அதன்பின் இடுப்பு. விறைப்புடைய குழந்தைகளில் இவ்வரிசை தலைகீழாகி, தொடைத் தசை முந்திக்கொள்வதை 1983-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அசையும் பலகையில் நிறுத்தி அளந்து கண்டனர். எதிரெதிர்த் தசைகள் ஒரே சமயத்தில் இறுகுவதும் உண்டு. அப்போது கால் மரக்கட்டையாகி, குழந்தை வெட்டிய வாழைபோல் சாய்கிறது.

இந்த ஆணைமுறை மாறக் கூடியதா? 2003-இல் ஆறு குழந்தைகளை ஐந்து நாட்கள், நாளொன்றுக்கு நூறு முறை, அசையும் பலகையில் நிறுத்திப் பழக்கினர். தள்ளாடிய உடலை அவர்கள் மீட்டுக்கொள்ளும் வேகம் கூடிற்று. பயிற்சி நின்று ஒரு மாதம் கழித்தும் அவ்வேகம் நீடித்தது. ஆறு பேர் சிறு எண்ணிக்கையே. அதைக் கொண்டு பேருண்மை நாட்டலாகாது. எனினும் நூறு என்ற எண் கவனிக்கத் தக்கது. சமநிலை கற்பது சைக்கிள் கற்பதை ஒத்தது. பிறர் நம் காலைப் பிடித்துச் சுழற்றுவதால் எவரும் சைக்கிள் கற்றதில்லை.

கணக்கும் இதனையே காட்டுகிறது. வாரம் அரைமணி நேரச் சிகிச்சை ஆண்டு முழுவதும் தவறாது நடந்தாலும் 26 மணி நேரந்தான். வீட்டிலும் பள்ளியிலுமாக நாளைக்கு இருபது நிமிடம், வாரத்துக்கு ஆறு நாள் பயின்றால், அதே 26 மணி நேரம் மூன்று மாதத்தில் நிறைவேறிவிடுகிறது. கைப் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்ததில், ஒரு குறிப்பிட்ட செயலில் முன்னேற்றம் காண 14 முதல் 25 மணி நேரப் பயிற்சி தேவைப்படுவதாகத் தெரியவந்தது. நடைக்கும் இதே அளவு எனக் கொள்ளலாகாது. ஆயினும் வாரமொருமுறைச் சிகிச்சை ஏன் போதவில்லை என்பது விளங்கும்.

இனி ஓர் ஆறு வயதுச் சிறுமியைக் கருதுவோம். இரு கால்களும் விறைப்புடையன, இரண்டாம் நிலை. சுவரைப் பிடித்து நடப்பாள், வெளியில் விழுவாள். அவளை என்ன வேண்டுமெனக் கேட்டால், 'நேராக நடக்க வேண்டும்' என்று கூறமாட்டாள். மதிய உணவு வரிசையில் தானே தட்டேந்தி நிற்க வேண்டும் என்பாள். இதுவே நல்ல இலக்கு. இதனுள் எத்தனை திறன்கள் அடங்கியுள்ளன என்று பாருங்கள்: தரையினின்று எழுதல், கைப்பிடியின்றி நிற்றல், வரிசை நகரும்போது ஓரடி வைத்து நிற்றல், தட்டில் பாரம் விழும்போது சாயாதிருத்தல், திரும்புதல், தட்டைச் சிந்தாது பதினைந்து அடி நடத்தல். இவற்றுள் எது தடையென ஆசிரியர் ஒரு நாள் கூர்ந்து நோக்கினால் பயிற்சி இன்னதெனத் தானே புலப்படும்.

முதலில் வெறுந்தட்டு, பின்னர் அதில் ஒரு கல், பின்னர் சொம்பில் பாதி நீர். சுவரோரமாகப் பக்கவாட்டில் நடத்தல் இடுப்புத் தசைகளை வலுப்படுத்தும். சுண்ணக்கட்டியால் இரு கோடுகள் கிழித்து, அவற்றினிடையே நடக்கச் செய்து, நாளடைவில் இடைவெளியைக் குறைக்கலாம். உமி நிரப்பிய சாக்கின்மேல் நின்று பந்து பிடித்தலும், பந்தை உதைத்தலும் ஒற்றைக் காலில் ஒரு கணமாவது நிற்கப் பழக்கும். பாண்டியாட்டத்தில் மற்றப் பிள்ளைகள் குதிக்கும் கட்டங்களை இவள் தாண்டி வைத்தால் போதும். ஆட்டத்திலிருந்து விலக்கிவைப்பதே தவறு. எப்போதும் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும், ஆனால் பிடித்துக்கொள்ளலாகாது. சற்றே தடுமாறி, தானே மீளும் அந்தக் கணமே பாடம் நிகழும் கணம். தடுமாறாதபடி பிடித்துக்கொண்டே நடத்துபவர் அன்பினால் அப்பாடத்தைப் பறித்துவிடுகிறார்.

விலை உயர்ந்த கருவி இல்லையே என வருந்த வேண்டுவதில்லை. உடலின் பாரத்தைக் கச்சையால் தாங்கி, ஓடும் பட்டையின்மேல் நடத்தும் இயந்திரம் நகர மருத்துவமனைகளில் காணப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் பள்ளிப் பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இவ்வியந்திரத்திலும் மற்றவரை வெறுந்தரையிலும் நடக்கப் பழக்கிய சோதனையின் முடிவு 2010-இல் வெளிவந்தது. இயந்திரத்தில் நடந்தோர் தரையில் நடந்தோரை விஞ்சவில்லை. வரப்பும் மணலும் வாயிற்படியும் உள்ள நம் கிராமத்துத் தரை, இயந்திரத்தின் சமமான பட்டை கற்பிக்காத பலவற்றையும் கற்பிக்கும்.

தசை வலு பற்றியும் ஒரு பழைய அச்சத்தைக் களைதல் வேண்டும். விறைத்த தசையை வலுவூட்டினால் விறைப்பு மிகும் எனச் சிகிச்சையாளர்களே நெடுங்காலம் நம்பினர். 1990-களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் அது தவறென மெய்ப்பித்தன. விறைத்த தசை பலமான தசையன்று, பலவீனமான தசையே. ஆனால் மேசையில் படுத்து எடை தூக்கிப் பெறும் வலு நடையாக மாறுவது உறுதியன்று. ஆகவே வலுவூட்டலையும் செயலோடு பிணைத்தல் சிறப்பு. பாதம் முழுவதும் தரையில் படியும் உயரமுள்ள மணையில் அமர்ந்து, கையூன்றாது எழுந்து, மெல்ல அமர்தல் எளிய பயிற்சிகளில் தலையாயது. தைவானில் மென்மையான விறைப்புடைய குழந்தைகள் எடை பொருத்திய மேற்சட்டையணிந்து, ஆறு வாரம் வீட்டிலேயே இதனைப் பயின்றனர். அவர்கள் நடப்பதற்குச் செலவிடும் சக்தி குறைந்ததென 2007-இல் அறிவித்தனர். எடையின் அளவைச் சிகிச்சையாளரே நிர்ணயிக்க வேண்டும். ஆசிரியர் எடையின்றித் தொடங்கலாம்.

சக்தி என்றதும் ஆசிரியர்க்கு ஓர் எச்சரிக்கை. இக்குழந்தைகள் பலர் நடப்பதற்கு மற்றவரைவிட இரு மடங்கு அல்லது அதற்கும் மேலான சக்தியைச் செலவிடுகின்றனர். ஒரு கிலோமீட்டர் நடந்து பள்ளி வந்த பிள்ளை முதற்பாடத்தில் உறங்கினால் அது சோம்பலன்று. பயிற்சிக்கு நடையும், நெடுந்தூரத்துக்குச் சக்கர நாற்காலியோ சைக்கிளோ என வகுத்துக்கொள்வது தோல்வியாகாது. நடந்தே தீர வேண்டுமென்ற பிடிவாதத்தால் பள்ளியையே இழந்த பிள்ளை எதையும் வென்றதாகாது. நான்காம், ஐந்தாம் நிலைக் குழந்தைகளின் பெற்றோரிடம் 'பயிற்சி செய்தால் நடந்துவிடுவான்' என்று வாக்களிப்பதும் அறமன்று. அவர்களுக்கு நன்கு அமர்தலும், தாங்கியில் நிற்றலும், தானே சக்கரத்தைச் செலுத்துதலுமே விடுதலை.

நீட்டிப்பு முற்றிலும் வேண்டாமா எனில், வேண்டும். ஆனால் நாளைக்கு ஐந்து நிமிடம் இழுத்துவிடுவதால் தசை நீள்வதில்லை. பல மணி நேரம் தசையை நீண்ட நிலையில் வைப்பதே உதவும். காலிபர் என வழங்கும் கணுக்கால் தாங்கியும், சில வேளை அடுத்தடுத்து இடும் மாவுக்கட்டும் இதற்காகவே. தாங்கி குதிகாலைத் தரையில் படியச் செய்வதால் நடையும் உறுதிபெறும். வாக்கர் தேவைப்படும் பிள்ளைக்கு, முன்னால் தள்ளுவதைவிடப் பின்புறமாக இழுத்துச் செல்லும் வகை உடலை நிமிரச் செய்கிறது. நம் ஊர் மூன்று சக்கர நடைவண்டி முன்னோடிவிடும். அதில் செங்கல் ஏற்றினால் சற்று அடங்கும். குழந்தையை நடுவில் தொங்கவிட்டு உருளும் கடைச் சக்கர வண்டியோ எவ்வகையிலும் தகாது. நுனிக்காலால் உந்தும் பழக்கத்தை அது வளர்க்கும். விபத்துகளை முன்னிட்டுக் கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது.

முன்னேற்றத்தைக் கண்ணால் மதிப்பிடலாகாது. அன்றாடம் காண்பவர்க்கு மாற்றம் தெரியாது. நாற்காலியினின்று எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர ஆகும் நேரத்தை மாதம் ஒருமுறை கடிகாரத்தால் அளந்து குறித்து வையுங்கள். அதே இடம், அதே காலணி, அதே வேளையாயிருத்தல் வேண்டும். ஒரு வாரத்தில் எத்தனை முறை விழுந்தாள் என்பதையும் எழுதலாம். தொடர்ந்து இரண்டு மாதம் நேரம் கூடினால் சிகிச்சையாளரிடம் அனுப்புக. இந்நிலை பெருகும் நோயன்று எனக் கண்டோம். நடை தேய்ந்துவருமாயின் வேறு காரணம் தேட வேண்டும்.

அக்காரணங்களுள் களத்தில் பெரிதும் தவறவிடப்படுவது இடுப்பு மூட்டு நழுவுதல். மெல்பர்ன் ஆய்வொன்றில் (2006) நூற்றுக்கு 35 குழந்தைகளுக்கு இது காணப்பட்டது; முதல் நிலையில் ஒருவருமில்லை, ஐந்தாம் நிலையில் பத்தில் ஒன்பது பேர். தொடக்கத்தில் வலியிராது. கழுவிவிடும்போது தொடைகளை விரிப்பது கடினமாதல், ஒரு கால் குட்டையாகத் தோன்றுதல் ஆகியவை அறிகுறிகள். ஆயினும் எக்ஸ்ரே படமே உறுதி கூறும். ஸ்வீடன் நாட்டில் 1994 முதல் குறித்த காலங்களில் படமெடுத்துக் கவனித்துவந்ததால் மூட்டு முற்றிலும் நழுவுதல் மிக அரிதாயிற்று. பயிற்சி எத்துணைச் சிறப்பாயினும் நழுவும் மூட்டை அது தடுக்காது.

அனுப்பும் இடம் பற்றி ஒரு சொல். 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வருமாறு வகுக்கப்பட்டுள்ளது. அவர்கள் வாயிலாக மாவட்டத் தொடக்கநிலைச் சேவை மையத்தை அணுகலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நிலையைப் பெயர் சுட்டிக் குறிப்பதால், சான்றிதழ் பெறுவதற்கும் உபகரணம் பெறுவதற்கும் குடும்பத்துக்கு உரிமையுண்டு.

உபகரணம் கிடைத்தபின்னும் பணியாளர் கவனம் தேவை. குழந்தையின் கால் வளர்ந்துகொண்டிருப்பதால் தாங்கி ஓராண்டுக்குள் சிறுத்துவிடக் கூடும். வீட்டுக்குச் செல்லும்போது அது பரண்மேல் இருக்கக் கண்டால் பெற்றோரைக் கடிந்துகொள்ள வேண்டாம். குழந்தையின் பாதத்தைப் பாருங்கள். தாங்கியைக் கழற்றி அரைமணி நேரமாகியும் மாறாத சிவந்த தடம் இருப்பின், அதை அணிய மறுத்த குழந்தையின் பக்கமே நியாயம். வேறு அளவுக்கு அன்றே எழுதி அனுப்புங்கள்.